ட்விலைட் ஸ்ட்ரகிள்: பனிப்போரை மேசையில் விரிக்கும் பலகை விளையாட்டு

ஜிஎம்டி கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ட்விலைட் ஸ்ட்ரகிள்’ இருவர் மட்டுமே ஆடக்கூடிய ஒரு பலகை விளையாட்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 முதல் பெர்லின் சுவர் திறந்த 1989 வரை, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒருவர் மீது ஒருவர் நேரடியாகப் போர் தொடுக்காமல் உலகத்தின் மற்ற எல்லா இடங்களிலும் மோதிக்கொண்ட பனிப்போர்தான் இதன் கரு. அனந்தா குப்தா, ஜேசன் மேத்யூஸ் ஆகிய இருவர் வடிவமைத்த இந்த விளையாட்டு, பலகை விளையாட்டு ஆர்வலர்கள் கூடும் போர்டுகேம்கீக் தளத்தின் தரவரிசையில் 2010-இன் இறுதியிலிருந்து 2016-இன் தொடக்கம் வரை முதலிடத்தில் இருந்தது. பெயர், 1961 ஜனவரியில் அதிபராகப் பதவியேற்ற கென்னடி ஆற்றிய உரையிலிருந்து எடுக்கப்பட்டது.

அந்த இரு வல்லரசுகளின் தலைவர்கள் எந்த அச்சத்தில் முடிவெடுத்தார்கள் என்பதை, ஆடுபவரின் உள்ளங்கை வியர்க்கும் அளவுக்கு இந்த விளையாட்டு உணர்த்துகிறது. அந்த முடிவுகளின் விலையை எந்த மக்கள் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு இதன் பலகையில் இடமே இல்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குபவருக்கு இது மிக நல்ல வாங்கல் என்பதே என் முடிவு.

முதலில் பெட்டியைப் பற்றி. நான் பேசுவது 2009 முதல் விற்பனைக்கு வந்த டீலக்ஸ் பதிப்பைப் பற்றியது. மடித்து விரிக்கக்கூடிய தடித்த அட்டைப் பலகை, 110 சீட்டுகள், நீலத்திலும் சிவப்பிலும் அட்டை வில்லைகள், இரண்டு பகடைகள், விதிநூல் ஆகியவை உள்ளே இருக்கின்றன. வில்லைகள் தரமானவை. சீட்டுகள் அடிக்கடி கலைக்கப்படுவதால் ஓரம் நைந்துபோகும். பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்வது நல்லது. விதிநூலின் பின்பகுதியில் ஒவ்வொரு சீட்டுக்கும் உரிய வரலாற்று நிகழ்வு ஒரு சிறு பத்தியில் விளக்கப்பட்டிருக்கிறது. இதை மட்டும் தொடர்ந்து படித்தாலே அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளின் ஒரு கோட்டுச் சித்திரம் கிடைத்துவிடும். போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர் வீட்டில் இருந்தால் அவருக்கும் இந்தப் பக்கங்கள் பயன்படும்.

பலகையில் உலக வரைபடம் இருந்தாலும் நாடுகள் அவற்றின் உருவத்தில் இல்லை. ஒவ்வொரு நாடும் ஒரு சிறு கட்டம்; அதில் அந்த நாட்டின் நிலைத்தன்மையைக் குறிக்கும் ஓர் எண்; பக்கத்து நாடுகளோடு அதை இணைக்கும் கோடுகள். பிரிட்டனுக்கு 5, மேற்கு ஜெர்மனிக்கு 4, இந்தியாவுக்கு 3, ஈரானுக்கும் பாகிஸ்தானுக்கும் 2, வியட்நாமுக்கும் அங்கோலாவுக்கும் 1. ஒரு நாட்டில் எதிராளியைவிட அந்த எண்ணளவுக்காவது கூடுதலாகச் செல்வாக்கு வில்லைகளை வைத்திருப்பவருக்கே அந்த நாடு கட்டுப்படும். போட்டி உச்சத்தில் இருந்த சில நாடுகள் மட்டும் தனி நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆசியாவில் இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், தாய்லாந்து, இரு கொரியாக்கள் ஆகியவை அவ்வகை. ஐரோப்பா, ஆசியா, மத்திய கிழக்கு என வட்டாரந்தோறும் மதிப்பெண் சீட்டுகள் உண்டு. ஒரு சீட்டு மேசைக்கு வரும் நேரத்தில் அந்த வட்டாரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவருக்குப் புள்ளிகள் சேரும். இருபது புள்ளி முன்னிலை பெற்றவர் அங்கேயே வென்றுவிடுவார். ஐரோப்பாவை முழுமையாகக் கட்டுப்படுத்திய நிலையில் அதன் மதிப்பெண் சீட்டு வந்தாலும் ஆட்டம் முடிந்தது.

இருபுறமும் சமமாகத் தொடங்குவதில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த ஒன்று. நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டுக்கும் புலிக்கும் வெவ்வேறு வலிமையும் வெவ்வேறு கவலையும் இருப்பதைப்போல, இங்கும் சிவப்புக்கும் நீலத்துக்கும் வெவ்வேறு பிறவிக் குணங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் சோவியத் தரப்புக்கு 15 செல்வாக்குப் புள்ளிகளும், பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா எனப் பரவிக் கிடக்கும் அமெரிக்கத் தரப்புக்கு 25 புள்ளிகளும் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாய்ப்பிலும் முதலில் ஆடுபவர் சோவியத் ஆட்டக்காரர். முதல் மூன்று சுற்றுகளில் புழங்கும் சீட்டுகளில் சோவியத்துக்குச் சாதகமானவை வலுவாக இருக்கும். எட்டாம் சுற்றிலிருந்து ரேகன், தாட்சர், போலந்தின் தொழிற்சங்கம் என்று அமெரிக்கத் தரப்பின் நல்ல காலம் தொடங்கும். அதனால் சோவியத் தரப்புக்கு ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கவேண்டிய அவசரமும், அமெரிக்கத் தரப்புக்கு எப்படியாவது தாக்குப்பிடிக்கவேண்டிய பொறுமையும் இயல்பாகவே வந்துவிடுகின்றன. சீனா பலகையில் ஒரு நாடாகவே இல்லை. தனிச் சீட்டாக முதலில் சோவியத் கையில் இருக்கும். பயன்படுத்தியவுடன் எதிராளிக்குப் போய்விடும். 1950-களில் மாஸ்கோவின் தோழனாக இருந்து, 1969-இல் உசூரி ஆற்றங்கரையில் அதே மாஸ்கோவுடன் துப்பாக்கிச் சண்டை நடத்தி, 1972-இல் நிக்சனை வரவேற்ற ஒரு நாட்டை ஒரே ஒரு சீட்டின் போக்கில் சொல்லிவிட்டது வடிவமைப்பாளர்களின் திறமைக்குச் சான்று.

இந்த விளையாட்டின் உயிர்நாடி சீட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் செயற்புள்ளிகளைக் குறிக்கும் ஓர் எண்ணும், ஒரு வரலாற்று நிகழ்வும் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் தரப்பு நிகழ்வு என்றால், நிகழ்வை நடத்தலாம் அல்லது எண்ணைப் பயன்படுத்தி வில்லைகளை வைக்கலாம். எதிராளியின் நிகழ்வு உங்கள் கைக்கு வந்தால்தான் சிக்கல்: எண்ணை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் நிகழ்வு அவருக்குச் சாதகமாக நடந்தே தீரும். எதை முதலில் நடத்துவது, நிகழ்வையா செயற்புள்ளியையா என்று முடிவுசெய்யும் உரிமை மட்டுமே உங்களுக்கு. சோவியத் தரப்பில் அமர்ந்திருப்பவரின் கையில் மார்ஷல் திட்டச் சீட்டு வந்து உட்கார்ந்தால், நான்கு செயற்புள்ளிகள் கிடைக்கும் மகிழ்ச்சியோடு, மேற்கு ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் அமெரிக்க வில்லைகள் ஏறுவதையும் அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல்முறை படிக்கும்போது இது விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட தந்திரம் என்றே தோன்றும். வரலாற்றை எடுத்துப் பார்த்தால் அந்தப் பகைமை நடந்த விதமே இதுதான் என்று விளங்கும். 1948 ஜூனில் ஸ்டாலின் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தார். மேற்கு நாடுகளைப் பெர்லினை விட்டு விரட்டுவதற்குச் செய்த அந்த முற்றுகை, 1949 ஏப்ரலில் நேட்டோ ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு வேகம் கொடுத்தது. அடுத்த மாதமே முற்றுகை விலக்கப்பட்டது, நேட்டோ நிலைத்துவிட்டது. 1961-இல் பிக்ஸ் வளைகுடாவில் அமெரிக்கா நடத்திய தோல்விப் படையெடுப்பு ஃபிடல் காஸ்ட்ரோவை மாஸ்கோவின் பக்கம் இன்னும் நெருக்கமாகத் தள்ளியது. அடுத்த ஆண்டே அங்கே அணு ஏவுகணைகள் வந்து இறங்கின. தன் ஆதாயத்துக்காகச் செய்யும் ஒவ்வொரு காரியத்திலும் எதிரிக்கும் ஏதோ ஒன்றைக் கொடுக்கவேண்டியிருந்தது. சேதத்தைக் குறைப்பதுதான் ஆட்டத்தின் பெரும்பகுதி என்று இரண்டாவது முறை ஆடும்போதே தெரிந்துவிடும்.

விண்வெளிப் போட்டியும் பலகையின் ஓரத்தில் ஒரு தடமாக இருக்கிறது. 1957-இன் ஸ்புட்னிக், 1961-இன் ககாரின், 1969-இன் நிலவுப் பயணம் ஆகியவற்றின் படிகள் அதில் உண்டு. ஆனால் அனுபவமுள்ளவர்கள் அதைப் பயன்படுத்துவது, கையில் உள்ள எதிராளியின் மோசமான சீட்டை நிகழ்வு நடக்காமல் அப்புறப்படுத்தத்தான். பொதுவாக ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் அனுப்பலாம், அதுவும் இரண்டு புள்ளியாவது மதிப்புள்ள சீட்டாக இருக்கவேண்டும். மனிதகுலத்தின் அத்தனை பெரிய சாதனை இங்கே ஒரு வடிகாலாக மட்டும் சுருங்கிவிட்டது எனக்கு வருத்தமே.

அடுத்து டெஃப்கான். அமெரிக்க ராணுவம் 1959 முதல் பயன்படுத்திவரும் தயார்நிலை அளவுகோல் அது. 5 என்றால் அமைதிக்காலம், 1 என்றால் அணு ஆயுதப் போர். சோவியத்துக்கு அந்த அளவுகோல் கிடையாது என்றாலும் விளையாட்டு இருவருக்கும் பொதுவாக அதை வைத்திருக்கிறது. தனி நிறத்தில் குறிக்கப்பட்ட அந்த முக்கிய நாடுகளில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி (பகடை வீசி எதிராளியின் வில்லைகளை அகற்றப் பார்ப்பது) நடக்கும்போதெல்லாம் எண் ஒன்று குறையும். 4-க்கு இறங்கினால் ஐரோப்பாவிலும், 3-க்கு இறங்கினால் ஆசியாவிலும், 2-க்கு இறங்கினால் மத்திய கிழக்கிலும் கவிழ்ப்புகளுக்குத் தடை வந்துவிடும். அதற்குப் பின் ஆப்பிரிக்காவும் மத்திய, தென் அமெரிக்காவும்தான் மிச்சம். வல்லரசுகள் தங்களுக்கு முக்கியமான இடங்களில் கைவைக்க அஞ்சி, ஏழை நாடுகளின் மண்ணில் தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொண்ட நாற்பது ஆண்டுகளின் புவியியலை இந்த ஒரே விதி சொல்லிவிடுகிறது. இன்னும் கொடுமையாக, ஒவ்வொரு சுற்றிலும் அப்போதைய டெஃப்கான் எண்ணளவுக்கு ராணுவ நடவடிக்கை எடுக்காதவர் புள்ளிகளை இழப்பார். சும்மா இருப்பதும் இங்கே குற்றம்.

டெஃப்கான் 1-ஐத் தொட்டால் ஆட்டம் உடனே முடிந்துவிடும். யாருடைய வாய்ப்பில் அது நடந்ததோ அவர் தோற்றவர். எதிராளியின் செயலால் நடந்திருந்தாலும் விதி அதுதான். இந்த விதியின் கூர்மையை ஒரு மாலை ஆட்டத்தில் கண்ணெதிரே பார்த்தேன். சோவியத் தரப்பில் ஆடிய நண்பரின் கையில் சிஐஏ உருவாக்கம் பற்றிய சீட்டு சிக்கிக்கொண்டது. அதன் நிகழ்வு, சோவியத் ஆட்டக்காரர் தன் கைச்சீட்டுகளை எல்லாம் காட்டவேண்டும், பிறகு அமெரிக்க ஆட்டக்காரர் ஒரு புள்ளிக்கான செயலைச் செய்யலாம் என்பது. எண் 2-இல் இருக்கும்போது அதை வெளியே போட்டால், நான் ஏதாவது ஒரு முக்கிய நாட்டில் கவிழ்ப்பு முயற்சி செய்தால் போதும், அணு ஆயுதப் போரைத் தொடங்கியவர் என்ற பழி அவர்மேல் விழும். ஒரே ஒரு புள்ளி மதிப்பு என்பதால் அதை விண்வெளித் தடத்துக்கும் அனுப்ப முடியாது. சுற்று முடியும்போது ஒரு சீட்டைக் கையில் மிச்சம் வைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்தச் சீட்டையே திரும்பத் திரும்ப மிச்சம் வைத்து அவர் காத்திருந்தார். இறுதியில் புதிய சுற்று தொடங்கி எண் 3-க்கு ஏறியதும் முதல் வாய்ப்பிலேயே அதைப் போட்டார். வழக்கமாக சோவியத் ஆட்டக்காரர் அந்த முதல் வாய்ப்பில் தானே ஒரு கவிழ்ப்பை நடத்துவார். இம்முறை அதைச் செய்தால் எண் 2 ஆகிவிடும், அடுத்து என் கை. ஆகவே ஓரத்து நாடொன்றில் ஒரே ஒரு வில்லையை வைத்துவிட்டு, கைச்சீட்டுகளை முகம் தெரியும்படி மேசையில் பரப்பினார். அவற்றுக்கு நடுவே ஆப்பிரிக்க மதிப்பெண் சீட்டு கிடந்தது. மதிப்பெண் சீட்டை அந்தச் சுற்றுக்குள் ஆடியே ஆகவேண்டும்.

நான் அங்கோலாவில் கை வைத்தேன். காலனிய விடுதலைச் சீட்டின் மூலம் அங்கே அவர் வைத்திருந்த ஒரு சிவப்பு வில்லை இருந்தது. பகடையில் 4 விழுந்தது. என் ஒரு செயற்புள்ளியைக் கூட்டி, நிலைத்தன்மையின் இருமடங்கைக் கழித்தால் மிச்சம் 3. சிவப்பு வில்லை வெளியேறி, இரண்டு நீல வில்லைகள் உள்ளே வந்தன. அங்கோலா என்னுடையதாயிற்று. இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம், அவர் பெருமூச்சு விட்டார், ஆட்டம் தொடர்ந்தது. விளையாட்டு என்ற முறையில் இதைவிடச் செறிவான சில நிமிடங்களை வேறு பலகையில் நான் கண்டதில்லை.

ஆனால் அங்கோலா என்பது அந்தக் கட்டம் மட்டும்தானா? 1975 நவம்பர் 11-ஆம் நாள் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாடு, விடுதலை நாளுக்கு முன்பே உள்நாட்டுப் போருக்குள் விழுந்துவிட்டது. எம்பிஎல்ஏ இயக்கத்துக்கு சோவியத் ஆயுதங்களும் கியூபப் படைகளும் வந்தன. அதன் எதிரணிகளான யூனிடாவுக்கும் எஃப்என்எல்ஏவுக்கும் அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் துணைநின்றன. கடைசி கியூப வீரர்கள் 1991-இல் வெளியேறினார்கள். சோவியத் ஒன்றியமே அந்த ஆண்டு இல்லாமல் போயிற்று. போர் மட்டும் 2002 வரை நடந்தது. பலகையில் ஒரு பகடை வீச்சில் முடிந்துபோகும் காரியம், அந்த மண்ணில் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பிணங்களையும் கண்ணிவெடிகளில் கால் இழந்தவர்களையும் கணக்கிட முடியாத அளவுக்கு விட்டுச் சென்றது. கொரியப் போரும் இப்படித்தான். 1950 ஜூன் முதல் 1953 ஜூலை வரை பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோன போரை ஒரு சீட்டும் ஒரு பகடையும் தீர்த்துவைக்கின்றன. 1983 செப்டம்பர் 1-ஆம் நாள் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்திய தென்கொரியப் பயணிகள் விமானத்தில் இறந்த 269 பேர், இங்கே அமெரிக்க ஆட்டக்காரருக்கு இரண்டு புள்ளிகள். அந்தச் சீட்டு வரும்போது புள்ளியைக் குறித்துக்கொள்ள எனக்குக் கை தயங்கும்.

வடிவமைப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பனிப்போரை நடத்தியவர்கள் நம்பிய தர்க்கத்தை, பிற்காலத்தில் பொய்யென்று தெரிந்த பகுதிகளையும் சேர்த்து, அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டுதான் இந்த விளையாட்டைச் செய்தோம் என்று தங்கள் குறிப்பில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு நாடு விழுந்தால் பக்கத்து நாடும் விழும் என்ற கோட்பாடு பலகையில் கோடுகளாகவே வரையப்பட்டிருக்கிறது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் குறிப்பைப் படிக்காமல் ஆடுகிறவர்கள்தான் பெரும்பாலோர்; அவர்கள் மனத்தில் பதியப்போவது கோடுகளும் கட்டங்களும்தான்.

நம் பக்கத்து வாசகர்களுக்கு இது கூடுதலாக உறுத்தும். பலகையில் இலங்கை இல்லை. 1971-இல் இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவையில் முன்னின்று தீர்மானம் கொண்டுவந்ததும், 1976 ஆகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் மாநாட்டை நடத்தியதும் அந்த நாடுதான். இந்தியா இருக்கிறது, ஆனால் யாராவது வந்து கைப்பற்றக் காத்திருக்கும் கட்டமாக இருக்கிறது. 1955-இன் பாண்டுங் மாநாட்டுக்கும் 1961-இன் பெல்கிரேடு மாநாட்டுக்கும் பலகையில் எந்த வேலையும் இல்லை. அணிசேரா இயக்கத்தை நேருவோடும் டிட்டோவோடும் சேர்ந்து உருவாக்கிய எகிப்தின் நாசர், இங்கே எகிப்தில் சிவப்பு வில்லைகளை வைக்கும் ஒரு சோவியத் சீட்டு. ஆசிய, ஆப்பிரிக்க மக்கள் நூறாண்டுகளுக்கு மேல் போராடிப் பெற்ற விடுதலையும் சோவியத் நிகழ்வாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. வாஷிங்டனில் அன்று அமர்ந்திருந்த சிலர் அப்படித்தான் பார்த்தார்கள் என்பது உண்மைதான்; ஆனால் அக்ராவிலும் ஜகார்த்தாவிலும் இருந்தவர்கள் தங்களை அப்படிப் பார்க்கவில்லை.

ஒரு நாட்டில் ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பது என்ற கணக்கும் இந்தியாவைப் பொறுத்தவரை பொருந்தாது. பிலாய் இரும்பாலை சோவியத் உதவியில் எழுந்தது; கான்பூர் ஐஐடி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துணையோடு வளர்ந்தது; பம்பாய் ஐஐடிக்குச் சோவியத் உதவி, சென்னை ஐஐடிக்கு மேற்கு ஜெர்மனியின் உதவி. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்கள் வந்த அதே ஆண்டுகளில் சோவியத் மிக் விமானங்களும் வந்தன. விளையாட்டில் இந்தியக் கட்டத்தில் சிவப்பும் நீலமும் மும்மூன்றாக நின்றால் நாடு யாருக்கும் கட்டுப்படாமல் இருக்கும். அணிசேராமைக்கு மிக நெருங்கி வரும் நிலை அதுவே. அந்த நிலையைத் தேடிப் பெற்றவர் ஒருவரும் மேசையில் இல்லை. இந்தியா–பாகிஸ்தான் போர்ச் சீட்டை எந்தத் தரப்பும் ஆடலாம், எந்த நாட்டின் மீதும் ஏவலாம். 1971 டிசம்பரில் வங்கக் கடலை நோக்கி என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலோடு அமெரிக்கக் கடற்படைப் பிரிவு ஒன்று வந்ததும், சோவியத் கப்பல்கள் அதைப் பின்தொடர்ந்ததும் அந்தப் போரில் உண்டு. ஆனால் போருக்குக் காரணம் கிழக்கு வங்காளத்து மக்கள் மீது நடந்த கொடுமையும் அங்கிருந்து எல்லை தாண்டி வந்த ஏறத்தாழ ஒரு கோடி அகதிகளும். வல்லரசுகளின் கை அதில் பிற்பாடு வந்தது.

ஈரான் இன்னொரு எடுத்துக்காட்டு. அனுபவமுள்ள சோவியத் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் முதல் வாய்ப்பிலேயே ஈரானில் கவிழ்ப்பு முயற்சி செய்வார்கள். அங்கே அமெரிக்காவுக்கு ஒரே ஒரு வில்லைதான், நிலைத்தன்மை 2, அங்கிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குக் கோடு போகிறது. நடந்த வரலாற்றில் 1953 ஆகஸ்டில் ஈரானில் ஆட்சியைக் கவிழ்த்தது சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும். கவிழ்க்கப்பட்டவர் தன் நாட்டு எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் முகமது மொசாடெக். விளையாட்டு வரலாற்றைத் திருப்பிப் போடுவதில் தவறில்லை, அதற்காகத்தானே ஆடுகிறோம். இருந்தாலும் யாருடன் ஆடினாலும் முதல் பகடை உருளும் முன் மொசாடெக்கின் பெயரைச் சொல்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

அணு ஆயுதத்தைப் பற்றி இன்னொரு குறை சொல்லியாகவேண்டும். இரு நாடுகளும் குவித்துவைத்த ஆயுதங்களின் எண்ணிக்கை விளையாட்டில் எங்கும் இல்லை. 1980-களின் நடுவில் உலகில் இருந்த அணுகுண்டுகள் அறுபதாயிரத்தைத் தாண்டின, அவற்றில் மிகப் பெரும்பகுதி இவ்விரு நாடுகளுடையவை. அதைவிட முக்கியமாக, இங்கே அணுப்போர் வருவது ஆட்டக்காரரின் கணக்குப் பிசகினால் மட்டும்தான். 1983 செப்டம்பர் 26-ஆம் நாள் சோவியத் முன்னெச்சரிக்கை மையத்தில் பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவின் திரையில் அமெரிக்க ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகக் கணினி காட்டியது. ஐந்து ஏவுகணைகளோடு யாரும் உலகப்போரைத் தொடங்கமாட்டார்கள் என்று கருதி, அதைப் பொய் எச்சரிக்கை என்றே அவர் மேலிடத்துக்குச் சொன்னார். இயந்திரத்தின் பிழையும், அந்தப் பிழையை நம்ப மறுத்த ஓர் அதிகாரியின் நிதானமும் உலகத்தைக் காத்த இரவு அது. அப்படியொரு இரவு வருவதற்கு இந்தப் பலகையில் வழியே இல்லை. கியூப ஏவுகணை நெருக்கடிச் சீட்டு மட்டும் இதில் விதிவிலக்காக மிக நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. அது வந்தால் எண் 2-க்கு இறங்கிவிடும், அந்தச் சுற்றில் எதிராளி எங்கே கவிழ்ப்பு முயற்சி செய்தாலும் போர். அதிலிருந்து மீள, சோவியத் ஆட்டக்காரர் கியூபாவிலிருந்தோ, அமெரிக்க ஆட்டக்காரர் துருக்கியிலிருந்தோ மேற்கு ஜெர்மனியிலிருந்தோ இரண்டு வில்லைகளைத் திரும்பப் பெறவேண்டும். துருக்கியிலிருந்த தன் ஜூபிடர் ஏவுகணைகளை அமைதியாக விலக்கிக்கொள்ள கென்னடி 1962 அக்டோபரில் கொடுத்த ரகசிய வாக்குறுதி அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பெட்டி இந்தியாவுக்கு இறக்குமதியாகத்தான் வருகிறது. சுங்கமும் அனுப்புசெலவும் சேர்ந்து விலையைக் கணிசமாக உயர்த்திவிடும். விலை தடையாக இருந்தால் 2016-இல் வந்த கணினிப் பதிப்பை முயலலாம். விதிகளை அதுவே கவனித்துக்கொள்வதால் கற்பதற்கு அது எளிது. எதிரே ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்க்கும் அனுபவம் மட்டும் அதில் கிடைக்காது. இது குடும்பமாகக் கூடி ஆடும் விளையாட்டு அன்று, மூன்றாமவருக்கு இடமில்லை. விதிகள் கடினமானவை அல்ல, ஆனால் சீட்டுகளை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையிலான இடைவெளி மிகப் பெரியது. முதல் சில ஆட்டங்களைச் சீட்டுகளைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டே ஆடுங்கள். சமமான திறமை உள்ளவர்களுக்கு இடையே சோவியத் தரப்பு சற்று ஓங்கியிருக்கும் என்பது பரவலான கருத்து. அதனால் போட்டிகளில் அமெரிக்கத் தரப்புக்குத் தொடக்கத்தில் கூடுதலாகச் சில செல்வாக்குப் புள்ளிகள் கொடுப்பது வழக்கம், இரண்டு கொடுத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. புதியவரோடு ஆடும்போது சோவியத் தரப்பை அவருக்கே கொடுத்துவிட்டு, இந்தக் கூடுதல் புள்ளிகளை எடுத்துக்கொள்ளாமல் ஆடினால் முதல் ஆட்டமே கடைசிச் சுற்றுவரை போகும்.